அம்மா எங்கே இருந்தால் நன்றாக இருப்பார்?

கேள்வி இது: அம்மாவுக்கு 74 வயது. அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மா கும்பகோணத்தில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். சர்க்கரையும் பிரஷரும் உண்டு, ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார். மகனான நான் சென்னையில், தங்கை பெங்களூரில். ஆளுக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்வதா, நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்ப்பதா, இல்லை அங்கேயே விடுவதா? எதில் அவருடைய வாழ்க்கைத் தரம் நன்றாக இருக்கும்?

முதலில் என் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பிறகு. இப்போதைக்கு அம்மாவை எங்கேயும் அழைத்துக்கொண்டு போகாதீர்கள். அப்பாவின் முதல் திவசம் முடிகிற வரையாவது அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அதற்குள் செய்ய வேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் செய்தால், அடுத்த முடிவை அவசரமில்லாமல் எடுக்கலாம்.

நான் முதியோர் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் வாரத்தில் நான்கு நாள் வீடுகளுக்கும் இல்லங்களுக்கும் போய் வயதானவர்களைப் பார்த்து வருகிறேன். மகன் வீட்டு மாடியறை, மகள் வீட்டு ஹால், பூட்டிய அபார்ட்மெண்ட், இருபது கட்டில் போட்ட தர்ம இல்லம், தோட்டத்தோடு கூடிய கட்டண இல்லம், யாருமில்லாத ஓட்டு வீடு என எல்லா இடத்திலும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எல்லா இடத்திலும் சந்தோஷமாக இருக்கிறவர்களையும் பார்த்தேன், வாடிப்போனவர்களையும் பார்த்தேன். அதனால் "எந்த இடம் நல்லது" என்ற கேள்விக்கு ஒரே பதில் என்னிடம் கிடையாது. ஆனால் ஒரு இடத்தை நல்லதாக்குவது எது என்று ஓரளவு தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் முதியவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 24 கேள்விகள் கொண்ட தனிக் கேள்வித்தாள் ஒன்றை வைத்திருக்கிறது. கண், காது போன்ற புலன்கள் எப்படி இருக்கின்றன, சொந்தமாக முடிவெடுக்க முடிகிறதா, வாழ்ந்த வாழ்க்கையில் நிறைவு உண்டா, மனிதர்களோடு கலந்து பழக முடிகிறதா, சாவைப் பற்றிப் பயம் இருக்கிறதா, அன்பும் நெருக்கமும் கிடைக்கிறதா என்று ஆறு பக்கங்களிலிருந்து கேட்கிறது. அறை எவ்வளவு பெரிது, ஏ.சி. உண்டா என்ற கேள்வி அதில் இல்லை. பிள்ளைகள் முதலில் பார்ப்பதோ அதைத்தான்.

நான் வீடுகளுக்குப் போகும்போது இவ்வளவு கேட்பதில்லை. மூன்றே கேள்விதான். காலையில் எத்தனை மணிக்குக் காபி குடிக்கிறீர்கள்? வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது? போன வாரம் உங்களைப் பார்க்க வேண்டும் என்றே யார் வந்தார்கள்? நாலரை மணிக்கே விழிப்பு வந்தும், எல்லோரும் எழுந்து காபி போடும் ஏழு மணி வரை கட்டிலில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு என்ன குறை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்ல மாட்டார். ஐம்பது வருடம் தன் கையால் டிகாஷன் இறக்கியவர் அவர்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வு 1976-ல் வெளிவந்தது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாளில் சினிமா பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் விருப்பம் என்றார்கள். ஆளுக்கு ஒரு செடி கொடுத்து, தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் எல்லாவற்றையும் நர்சுகள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் நிம்மதியாக இருங்கள் என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் உற்சாகமாகவும் கலகலப்பாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் நான் கண்ணால் பார்த்ததோடு அது ஒத்துப்போகிறது. "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, சும்மா உட்காருங்க" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். கேட்கிறவருக்கு அது வேறு மாதிரி விழுகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பிள்ளைகள் வீட்டில்

2017-18-ல் மும்பையில் உள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நாடு முழுக்க எடுத்த முதுமை பற்றிய பெரிய கணக்கெடுப்பில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 41 சதவீதம் பேர் துணையோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்தார்கள். சுமார் 28 சதவீதம் பேர் துணை இல்லாமல் பிள்ளைகளோடு. 20 சதவீதம் பேர் கணவன் மனைவி மட்டும். தனியாக இருந்தவர்கள் 6 சதவீதம் அளவு. ஆக, பத்தில் ஏழு பேர் பிள்ளைகளோடுதான் இருக்கிறார்கள். ஆனால் "பிள்ளைகளோடு" என்ற சொல்லுக்குள் எத்தனை விதமான வாழ்க்கை இருக்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லாது.

அம்மாவின் வீட்டில் மகன் குடும்பம் இருப்பது ஒரு வாழ்க்கை. மகன் வீட்டில் அம்மா இருப்பது வேறு வாழ்க்கை. வீடு மாறும்போது வீட்டுக்காரி விருந்தாளி ஆகிறார். விருந்தாளியாகப் பதினைந்து நாள் இருக்கலாம், பதினைந்து வருடம் இருக்க முடியாது. சமையலறையில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. டி.வி. போடலாமா என்று பேரனைக் கேட்க வேண்டியிருக்கிறது. பழைய தோழி போன் செய்தால் மெதுவாகப் பேச வேண்டியிருக்கிறது. இதில் யார்மீதும் குற்றமில்லை. மருமகள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது நடக்கும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். சென்னையில் நீங்களும் உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு ஏழு வரை அம்மா அங்கேயும் தனியாகத்தான் இருப்பார். கும்பகோணத்தில் தனியாக இருப்பதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வாசலில் நின்றால் பால்காரர், பூக்காரம்மா, எதிர்வீட்டு அம்மா என்று யாராவது "என்ன மாமி, சாப்டாச்சா" என்று கேட்பார்கள். நான்காவது மாடி அபார்ட்மெண்டில் கிரில் கதவைப் பூட்டிவிட்டு, "யார் மணி அடிச்சாலும் திறக்காதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவோம். நகரத்தில் நான் பார்த்த தனிமைகளில் மிகக் கொடுமையானது இதுதான். கூட்டுக் குடும்பம் என்று கணக்கில் வரும், ஆனால் பகல் முழுவதும் ஒரு மனிதக் குரல் கேட்காது.

மகள் வீட்டில் இருக்கத் தயங்குகிறவர்கள் இன்னும் நிறைய. "பொண்ணு வீட்ல போய் உட்கார்றதா" என்பார்கள். ஆனால் என் அனுபவத்தில், உடம்பு முடியாமல் போன பிறகு குளிப்பாட்டி, துணி மாற்றி, வெட்கப்படாமல் எல்லாவற்றையும் கேட்கிற இடம் பெரும்பாலும் மகள் வீடுதான். இந்தத் தயக்கத்தை மதித்து நடங்கள். அதேசமயம், பெங்களூர் வீடு கடைசி வாய்ப்பாக மட்டும் இருக்க வேண்டாம். தங்கையிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பிள்ளைகளுக்குள் பேசாமல் விட்ட விஷயத்தின் பாரம் கடைசியில் அம்மா தலையில்தான் இறங்குகிறது.

பிள்ளைகளோடு இருப்பதில் நல்லதே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பேரப்பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் பாட்டியிடம் பையை வீசுகிற வீட்டில், அந்தப் பாட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பாட்டிகளுக்கு மாத்திரையைக்கூட யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அவருக்கென்று ஒரு மூலை, கதவு மூடக்கூடிய ஒரு அறை, ஒரு அலமாரி, கையில் செலவுக்குத் தன் பணம், சமையலறையில் ஒரு வேளையாவது தன் பொறுப்பு என்ற இவ்வளவும் இருந்தால் பிள்ளைகள் வீடும் சொந்த வீடாகும். உங்கள் வீட்டில் தனி அறை தர முடியாது, ஹாலில் திவான்தான் என்றால், அதை இப்போதே உங்களுக்குள் ஒப்புக்கொள்ளுங்கள். ஹாலில் படுக்கிற மனிதர் எல்லோரும் டி.வி. அணைக்கும் வரை தூங்க முடியாது.

ஆளுக்கு ஆறு மாதம்

இதை நான் வேண்டாம் என்றே சொல்வேன். பங்கு சமமாக இருப்பதால் பிள்ளைகளுக்கு இது நியாயமாகத் தெரிகிறது. அம்மாவின் பக்கம் நின்று பாருங்கள். இரண்டு ஊர், இரண்டு படுக்கை, இரண்டு குளியலறை. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிப்பறைக்கு எழுந்தால் கதவு இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒரு நொடி குழம்புவார். அந்த ஒரு நொடி போதும் விழுவதற்கு. சென்னை டாக்டர் ஒரு பிரஷர் மாத்திரை எழுதுவார், பெங்களூர் டாக்டர் அதை மாற்றி வேறு பெயரில் எழுதுவார். இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். எந்த ஊரிலும் ஒரு தோழி கிடைப்பதற்குள் பெட்டி கட்ட வேண்டி வரும். ரேஷன், வங்கி, பென்ஷன் எல்லாம் மூன்றாவது ஊரில்.

பெட்டியை முழுவதும் பிரிக்காமலே வைத்திருந்த ஒரு அம்மாவைப் பார்த்தேன். "எதுக்குப் பிரிச்சு அடுக்கணும், இன்னும் ரெண்டு மாசம்தானே" என்றார். அங்கே அவர் இருந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஒரு ஊரை நிலையான வீடாக வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் ஒரு மாதம், தீபாவளிக்குப் பத்து நாள் என்று போய்வருவது வேறு விஷயம். அது பயணம், அதில் சந்தோஷம் உண்டு.

சொந்த ஊரில் தனியாக

அம்மா இப்போது இருக்கிற இடம் இது. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மோசமில்லை, ஆனால் அப்படியே விட்டுவிடவும் முடியாது.

துணை இறந்த முதல் சில மாதங்களில் மற்றவருக்கும் உடல்நலம் குலையும் ஆபத்து கூடுதல் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். துக்கம் மட்டும் காரணமில்லை. "ஒருத்திக்காக என்னத்தைச் சமைக்கிறது" என்று மோர்சாதமும் ஊறுகாயுமாகவே நாள் போகும். மாத்திரை நேரத்தைச் சொல்ல ஆள் இருக்காது. தூக்கம் போகும். நீங்கள் போனில் கேட்டால் "சாப்டேன்" என்பார். அது பொய் இல்லை. என்ன சாப்பிட்டார் என்று நாம் கேட்பதில்லை. அடுத்த முறை போகும்போது ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறதா பாருங்கள், எடை பாருங்கள். மூன்று மாதத்தில் நான்கைந்து கிலோ குறைந்திருந்தால் அது துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அடுத்தது குளியலறை. வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான். பழைய கும்பகோணம் வீடுகளில் கழிப்பறை கொல்லைக் கடைசியில் இருக்கும், இரண்டு படி இறங்க வேண்டும், பாசி இருக்கும், விளக்கு மங்கலாக இருக்கும். படுக்கையறையை ஒட்டி ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் இரண்டு எஃகுக் கைப்பிடிகள், வழுக்காத டைல்ஸ், கட்டிலிலிருந்து அங்கே வரை ராத்திரி முழுவதும் எரிகிற சின்ன விளக்கு. இதற்கு ஆகிற செலவு இடுப்பெலும்பு முறிந்து ஒரு அறுவை சிகிச்சை செய்கிற செலவில் சிறு பங்குதான். இடுப்பு முறிந்து நீண்ட நாள் படுத்துவிட்டால் நுரையீரலில் சளி கட்டும், படுக்கைப் புண் வரும், பழைய நடை திரும்பாமலே போகலாம். தனியாக வாழ்வது என்ற ஏற்பாடு பெரும்பாலும் அன்றோடு முடிந்துவிடும். அதனால் அம்மாவின் சுதந்திரத்தைக் காக்கும் முதல் வேலை ஒரு கொத்தனாரைக் கூப்பிடுவது.

பிறகு மனிதர்கள். ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: தினமும் அம்மாவைக் கண்ணால் பார்க்கிறவர் யார் யார்? வேலைக்கு வரும் அம்மா, பால்காரர், எதிர்வீடு, கோயில் குருக்கள். மூன்று பேராவது இருந்தால் நல்லது. அவர்களில் ஒருவரிடம் மாற்றுச் சாவி இருக்கட்டும், எல்லோரிடமும் உங்கள் நம்பர் இருக்கட்டும். காலை எட்டு மணிக்குள் வாசல் தெளித்துக் கோலம் போடவில்லை என்றால் எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டட்டும். எந்தக் கருவியை வாங்கி மாட்டினாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடாகாது. வீட்டுக்குள் கேமரா வைப்பதாக இருந்தால் அம்மாவிடம் கேட்டு, வாசலிலோ கூடத்திலோ மட்டும் வையுங்கள். சொல்லாமல் வைக்காதீர்கள்.

அரசு ஏற்பாடுகளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். மாத்திரை இலவசம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. மாதாமாதம் ஒருவர் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போகிறார், அது இன்னொரு ஜோடிக் கண். முதியோருக்கான உதவி எண் 14567, அதைப் பெரிய எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டுங்கள்.

காது கேட்கிறதா என்றும் பாருங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்கிறேன். காது மந்தமானவர் போன் பேசுவதைக் குறைப்பார், கல்யாணத்துக்குப் போவதை நிறுத்துவார், கேட்டதற்கு வேறு பதில் சொல்வார். வீட்டில் "அம்மாவுக்கு ஞாபகமே இல்லை" என்பார்கள். சோதித்துப் பார்த்தால் காதுதான் கேட்காமல் இருக்கும். அதை அப்படியே விட்டால் உண்மையான மறதி நோய்க்கும் அது ஒரு காரணமாகலாம் என்று இப்போது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஒரே தெரு, வேறு அடுப்பு

நீங்கள் கேட்காத ஒரு வழியைச் சொல்கிறேன். என்னைக் கேட்டால், கூடிவருகிறவர்களுக்கு இதுதான் எல்லாவற்றிலும் நல்லது. பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில், அல்லது அதே அபார்ட்மெண்டில் கீழ்த்தளத்தில், அம்மாவுக்குத் தனியாக ஒரு சின்ன வீடு. அவருடைய சாவி, அவருடைய அடுப்பு, அவருடைய சாமி அலமாரி. காலையில் நீங்கள் ஆபீஸ் போகும்போது பார்த்துவிட்டுப் போகலாம், சாயங்காலம் பேரன் ஓடிவரலாம், குழம்பு இந்தப் பக்கமும் ரசம் அந்தப் பக்கமும் போகலாம். வியன்னாவில் ரோசன்மயர், கோக்கைஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1963-லேயே இதை எழுதினார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் ஒரே வீட்டில் வேண்டாம் என்றுதான் முதியவர்களில் பலர் விரும்புகிறார்கள் என்று கண்டு, அதற்கு "தூரத்திலிருந்தபடி நெருக்கம்" என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார்கள். நம் ஊரில் இதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஒரே வளாகத்தில் தனித்தனி உலை வைத்து வாழ்ந்த குடும்பங்கள் நம் கிராமங்களில் எத்தனையோ.

இதற்கு இரண்டு வாடகை ஆகும், உண்மைதான். கும்பகோணம் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். நல்ல குடும்பம் ஒன்றைப் பின்கட்டில் குடிவைத்தால், அம்மா அங்கேயே இருக்கும் காலத்திலும் அது துணைதான்.

முதியோர் இல்லம்

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். பிள்ளைகள் கைவிட்டவர்கள் போகிற இடம் என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக இருக்கிறது. அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனசு கனக்கும். ஆனால் இல்லத்துக்குப் போனபின் முகம் தெளிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், குறிப்பாகப் பெண்களில். நாற்பது ஐம்பது வருடம் சமைத்து ஓய்ந்தவர்கள், முதல் தடவையாக யாரோ பரிமாறிச் சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் பல்லாங்குழி, பஜனை, ஒரே வயதுக்காரர்களோடு பேச்சு. மகன் வீட்டில் வாய் திறக்காமல் இருந்த ஒரு அம்மா, இல்லத்தில் சாம்பாருக்கு உப்பு பற்றிச் சமையல்காரரோடு சண்டை போட்டதை மகனே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்கும் அதைக் கேட்டு நிம்மதியாக இருந்தது.

இல்லங்களில் வகைகள் உண்டு. ஆதரவற்றவர்களுக்கான இலவச இல்லம், மாதக் கட்டணம் வாங்கும் இல்லம், கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்திருக்கும் ஓய்வுகாலக் குடியிருப்பு. கடைசி வகையில் வீட்டைச் சொந்தமாக வாங்கிக்கொண்டோ வாடகைக்கு எடுத்துக்கொண்டோ இருக்கலாம், சாப்பாடு பொதுக்கூடத்தில், நர்ஸ் வளாகத்திலேயே. உடம்பு நன்றாக இருக்கும் தம்பதிகளுக்கு அது அருமையான ஏற்பாடு. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும்படியான இல்லத்தை ஆதரவற்ற முதியவர்களுக்காக மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது. தேவைக்கு ஏற்ற அளவு இன்னும் வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீடு 13.6. இன்னும் ஏறிக்கொண்டேதான் போகும்.

இல்லம் பார்க்கப் போனால் சொல்லாமல் கொள்ளாமல் போங்கள், மாலை ஐந்து மணிக்கு. காலையில் எல்லா இல்லமும் சுத்தமாகத்தான் இருக்கும். மூத்திர வாடை வருகிறதா, எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்களா, வேலை செய்கிறவர்கள் பாட்டிகளைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிடுகிறார்களா, "ஏய் கிழவி" என்கிறார்களா என்று கவனியுங்கள். ராத்திரியில் எத்தனை பேருக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள். படுத்த படுக்கையானால், மறதி நோய் வந்தால் வைத்துக்கொள்வார்களா, வெளியே அனுப்புவார்களா? இதற்குப் பல இடங்களில் பதில் தெளிவாக வராது, எழுத்தில் வாங்குங்கள். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கோயிலுக்கோ கடைக்கோ தானாக வெளியே போய்வர விடுவார்களா என்றும் கேளுங்கள். வாசலில் பூட்டு போட்ட இல்லம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் உங்கள் அம்மாவுக்கு இப்போது அது சரிவராது.

பணம் கட்டிவிட்டோம் என்று நீங்கள் போவதைக் குறைத்தால் எந்த இல்லமும் மோசமாகும். அடிக்கடி ஆள் வருகிற பாட்டியைப் பணியாளர்களும் கூடுதலாகக் கவனிக்கிறார்கள். இது வருத்தமான உண்மை, ஆனால் உண்மை.

எப்போது இடம் மாற்றுவது

கேஸ் அடுப்பை அணைக்க மறந்தது இரண்டாவது முறை நடந்தால். தெரிந்த தெருவில் வழி தவறினால். ஒரு முறை விழுந்து, எழ முடியாமல் நெடுநேரம் கிடந்தால். ராத்திரிப் பயம் அதிகமாகித் தூங்காமல் விடிய விடிய உட்கார்ந்திருந்தால். இதில் ஏதாவது ஒன்று வந்தால் தனியாக இருக்கும் காலம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் ஆரம்பிப்பதாகத் தெரிந்தால், சீக்கிரமே மாற்றுவது நல்லது. புது இடத்தைக் கற்றுக்கொள்ளும் திறன் கொஞ்சமாவது மிச்சமிருக்கும்போது போனால் கட்டில் எங்கே, கழிப்பறை எங்கே என்று பழகிவிடும். முற்றிய பிறகு மாற்றினால், தினமும் சாயங்காலம் "என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அழுவதைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

தள்ளாமை வந்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போவதற்கும், நடக்க முடிகிறபோதே தானே பார்த்து, இந்த வீடு வேண்டாம், அந்த வீடு சரி என்று தேர்ந்தெடுத்துப் போவதற்கும் நிறைய வித்தியாசம். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்று சொல்லும்போதே, பேச்சை இப்போதே ஆரம்பியுங்கள் என்றும் சொல்கிறேன்.

வீடும் பணமும்

எந்த ஏற்பாடு செய்தாலும் வீட்டை அம்மா உயிரோடு இருக்கும்போது யார் பெயருக்கும் எழுதி வாங்காதீர்கள். உயில் எழுதட்டும், அதில் தவறில்லை. தானசெட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே வீட்டைக் கொடுத்துவிடுகிற பத்திரம், வேண்டாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளவில்லை என்றால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007 சட்டத்தின் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. மனுவை வருவாய் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவர் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை ரத்து செய்து, வீட்டைத் திரும்ப ஒப்படைக்கச் சொன்னது. சட்டம் இருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் பெற்ற பிள்ளைமேல் மனு கொடுத்துவிட்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஒரு தாயின் முகத்தைப் பார்த்தவர்கள் அந்த நிலைக்கு யாரையும் கொண்டுபோக நினைக்க மாட்டார்கள்.

ஏ.டி.எம். அட்டை, பென்ஷன் பாஸ்புக் எல்லாம் அம்மா கையிலேயே இருக்கட்டும். பேத்திக்குப் பிறந்தநாளுக்கு ஐநூறு ரூபாய் கொடுக்க உங்களிடம் கேட்கிற நிலை அவருக்கு வர வேண்டாம்.

ஆக, அடுத்த நான்கு மாதத்துக்கு: குளியலறை வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள். கண், காது, எடை, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் ஒரு முறை முழுதாகப் பாருங்கள், மாத்திரைச் சீட்டு ஒன்றாக இருக்கட்டும். ராத்திரித் துணைக்கு யாராவது கிடைப்பார்களா பாருங்கள், படிக்கிற பெண் ஒருவருக்கு மாடியறையைக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். நீங்களும் தங்கையும் மாதம் ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு நாளாவது போய் இருங்கள். சென்னையில் உங்கள் தெருவில் சின்ன வீடு என்ன வாடகைக்குக் கிடைக்கிறது என்று விசாரித்து வையுங்கள். அம்மாவை ஒரு மாதம் சென்னையில் வந்து இருக்கச் சொல்லுங்கள், திரும்பிப் போகும் டிக்கெட்டையும் முதலிலேயே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு.

அப்புறம் அவரிடமே கேளுங்கள். உங்கள் கேள்வியில் அம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்க வேண்டாம். அது விசாரணை மாதிரி ஆகிவிடும். ஊருக்குப் போயிருக்கும்போது, கொல்லையில் துணி உலர்த்துகிற நேரத்தில் பக்கத்தில் நின்று, நீங்களும் இரண்டு துணியைப் பிழிந்துகொண்டே கேளுங்கள். முதல் தடவை "உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே செய்யுங்கப்பா" என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேளுங்கள்.